பின்னால் இருப்பதை எடுத்துவிட்டால்...

போன இதழில் பழைய பட்டுப் புடவையை என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த யோசனைகளைப் பற்றி வந்த கடிதங்களைவிட, கூடப் போட்டிருந்த படத்தைப் பற்றி வந்தவைதான் அதிகம். "பின்னால் சுவரும் இல்லை, கட்டிலும் இல்லை. புடவை மட்டும் வெள்ளையில் தனியாக நிற்கிறதே, எந்த ஸ்டூடியோவில் எடுத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவெல்லாம் இல்லை, சகோதரிகளே. எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் தொங்கிய புடவைதான் அது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனா, ஒரு காக்காய் எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

இதற்கு 'பேக்கிரவுண்ட் ரிமூவ்' என்று பெயர். படத்தில் நமக்கு வேண்டிய ஆளையோ பொருளையோ மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் தெரிகிற மற்றதையெல்லாம் நீக்குவது. நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். கம்ப்யூட்டர் கிளாஸ் எதற்கும் போனதில்லை. மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவனுடைய பழைய லாப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நானும் சும்மாதான் இருந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் இது. ஆகவே பயப்படாமல் மேலே படியுங்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கத் தெரிந்த கைக்கு இது வரும். அதே பொறுமைதான் இதற்கும்.

பின்னணியை மறைக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றும் புதிதல்ல. நம் பாட்டி காலத்து ஸ்டூடியோக்களில் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரை ஒன்று தொங்குமே, அது எதற்காம்? படம் எடுத்த பிறகு பின்னணியே வேண்டாம் என்றால், நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே வைத்து, ஆளைச் சுற்றி மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மை பூசுவார்கள். மை பூசிய இடத்தில் வெளிச்சம் புகாது. பிரிண்ட் போடும்போது அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். எங்கள் தெரு முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர், "ஒரு கல்யாணப் பொண்ணு ஜடையைச் சுத்தி மை பூச அரை நாள் ஆகும்மா" என்று சொல்வார்.

அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி இருவர் உருவாக்கிய 'போட்டோஷாப்' 1990-ல் விற்பனைக்கு வந்தது. அந்த மை வேலை கம்ப்யூட்டருக்குள் போனது. 'ஜிம்ப்' என்று இன்னொன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் எழுதி, 1996-ல் இலவசமாகவே வெளியிட்டது. நான் உபயோகிப்பது அதைத்தான். 2018-ல் ஆஸ்திரியா நாட்டிலிருந்து 'ரிமூவ் பிஜி' என்ற இணையதளம் வந்தது. படத்தை அதில் போட்டால் சில விநாடிகளில் ஆளைத் தனியே பிரித்துக் கொடுத்துவிடும். 2022-லிருந்து புது ஐபோன்களில் படத்தின் மேல் விரலை அழுத்தி வைத்தாலே போதும். இவையெல்லாம் எப்படிச் செய்கின்றன என்றால், ஏராளமான படங்களைக் காட்டி 'இது ஆள், இது பின்னணி' என்று அந்த மென்பொருளை முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிறார்கள். நம் படம் போனதும் அந்தப் பழக்கத்தில் ஊகித்து வெட்டுகிறது. ஊகம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைக்குழந்தைக்காரியின் கடிதம். எட்டு மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமாம், வெள்ளைப் பின்னணி வேண்டுமாம், எந்த மென்பொருளில் செய்யலாம் என்று கேட்கிறார். என்னைக் கேட்டால் எதிலும் செய்ய வேண்டாம் என்பேன். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத்தான் நாம் கொண்டு போக வேண்டும், 4.5 சென்டிமீட்டர் உயரம், 3.5 சென்டிமீட்டர் அகலம், வெள்ளைப் பின்னணி. ஆபீஸ் காரியத்துக்கான படத்தில் மென்பொருள் கை வைத்தால் காதோரமும் முடியோரமும் கத்தரித்த மாதிரி தெரியும், திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்க விசாவுக்கு, மென்பொருளால் மாற்றிய படம் கூடாது என்று விதியே இருக்கிறது. அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை இஸ்திரி போட்டுத் தரையில் விரியுங்கள். ஜன்னல் பக்கம், வெயில் நேரே விழாத இடமாக இருக்கட்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே நின்று எடுங்கள். உங்கள் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பால் குடித்து ஏப்பம் விட்ட பத்தாவது நிமிஷம்தான் நல்ல நேரம். தூக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும், கண் திறந்திருக்க வேண்டுமே!

அடுத்தது, வீட்டிலிருந்தே பொடியும் ஊறுகாயும் விற்கிற சகோதரிகளுக்கு. வாட்ஸப்பில் போடுகிற படம் வெள்ளையில் தனியாக நின்றால் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது, உண்மைதான். ஆனால் பின்னணியை எடுக்கிற வேலையில் பாதி, படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வெள்ளைத் தட்டை வெள்ளைத் துணியில் வைத்தால் மென்பொருளுக்கு ஓரம் தெரியாது, தட்டில் ஒரு கடி கடித்துவிடும். மிளகாய்ப் பொடிக்கு வெளிர் நிறத் துணி, தேங்காய்ப் பர்பிக்கு அடர்ந்த நிறத் துணி என்று மாற்றி வையுங்கள். ஆள் என்றால் சுவரை ஒட்டி நிறுத்தாமல் மூன்று நான்கு அடி முன்னால் நிற்கச் சொல்லுங்கள். நிழல் சுவரில் ஒட்டாது. கறுத்த முடிக்குப் பின்னால் கறுத்த கதவு ஆகாது.

கண்ணாடிப் பாட்டில்தான் சிரமம். வெளியே இருக்கிற பின்னணியை எடுத்துவிடலாம். பாட்டிலுக்குள்ளே ஊடுருவித் தெரிகிற பச்சைச் சுவரை என்ன செய்வது? அதனால் கண்ணாடிக்குப் பின்னால் ஆரம்பத்திலேயே ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை நிற்க வைத்துவிட வேண்டும். எவர்சில்வர் இன்னும் மோசம். ஒரு சகோதரி முறுக்குச் சம்படத்தின் படத்தை எனக்கு அனுப்பி, பின்னணி சுத்தமாகப் போய்விட்டதா பாருங்கள் என்று கேட்டிருந்தார். சுத்தமாகத்தான் போயிருந்தது. ஆனால் சம்படத்தின் வயிற்றில் அவர் வீட்டுச் சமையலறை முழுவதும், அடுப்பு, கேஸ் சிலிண்டர், நைட்டியோடு செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவர் உள்பட, பளபளவென்று தெரிந்தது!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

2024-ல் ஆவணி மாதத்தில் எங்கள் அத்தை காலமானார். என் வீட்டுக்காரரைப் பெற்றவர். பதினாறாம் நாள் காரியத்துக்குள் சட்டம் போட்ட படம் ஒன்று வேண்டும். வீடு முழுக்கத் தேடினோம். அத்தை தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அத்தையே, "என்னைப் புடிச்சு ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்திருக்கிறார். 2003-ல் மாமா போன பிறகு அவர் கேமரா முன்னால் நின்றதே இல்லை. பேரன் பிறந்தநாள் படங்களில் ஒரு முழங்கை, ஒரு புடவைத் தலைப்பு, சமையலறை வாசலில் திரும்பி நிற்கிற முதுகு. இவைதான் இருந்தன. எத்தனை வீடுகளில் இப்படி இருக்குமோ தெரியவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தை இன்று எடுத்துப் பாருங்களேன்.

கடைசியில் என் நாத்தனார் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு குரூப் போட்டோ கொண்டுவந்தார். 1987-ல் மாமாவின் கடைசித் தங்கை கல்யாணத்தில் எடுத்தது. பத்துக்கு எட்டு அங்குலம், கலர். மொத்தம் 31 பேர். முன்வரிசையில் நாற்காலியில் பெரியவர்கள், நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். கடைசி வரிசையில் வலது கோடியில் அத்தை. பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நெற்றியில் வேர்வை மின்னுகிறது. பெரிய குங்குமப் பொட்டு, மூக்குத்தி, தலையில் கனகாம்பரம். நேரே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயது. எனக்கு இப்போது இருக்கிற வயதைவிட ஆறு வயது குறைவு!

படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தோம். எந்த ஸ்டூடியோ என்று சொல்ல வேண்டாம். இரண்டு நாளில் பெரிதாக்கி, பின்னால் மேகமும் ஒளிவட்டமும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, உதட்டுக்குக் கீழே இருந்த மச்சம் இல்லை. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம். முன்பல் இரண்டுக்கும் நடுவே அத்தைக்கு ஒரு சந்து உண்டு, அதையும் அடைத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே யாருடைய பட்டுப் புடவையோ. சினிமாவில் கதாநாயகனுக்கு அம்மாவாக வருவார்களே, அப்படி ஒரு அம்மா. சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போது இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அதற்கு நம் அத்தையைத் தெரியாது. தனக்குத் தெரிந்த முகங்களிலிருந்து எடுத்துப் போடுகிறது.

அன்று ராத்திரியே மகனும் நானும் உட்கார்ந்தோம். படத்தை முதலில் ஸ்கேன் செய்தோம். செல்போனில் படத்தைப் படம் பிடித்தால் பளபளப்பும் கோணலும் வரும், ஸ்கேனர்தான் நல்லது. கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். நல்ல பிரிண்ட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். குரூப் போட்டோவில் அத்தையின் தலையும் கழுத்தும் சேர்ந்து ஓர் அங்குலம்தான். அதை 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் நான்கு அங்குல உயரத்துக்குப் பிரிண்ட் போடலாம். அதற்கு மேலே போனால் முகத்தில் விவரம் கூடாது, பேப்பரின் சொரசொரப்புதான் பெரிதாகும். 'பத்துக்குப் பன்னிரண்டு சட்டம் நிறைய முகம் வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்ததால்தானே ஸ்டூடியோவில் அந்தக் கூத்து நடந்தது. எங்களுக்கு நான்கு அங்குலம் போதும் என்று தீர்மானித்தோம்.

மகன் முதலில் ஒரு இணையதளத்தில் முழுப் படத்தையும் போட்டு, பின்னணியை நீக்கு என்று அழுத்தினான். சில விநாடிதான். திரை, தோரணம், மண்டபத்துத் தூண் எல்லாம் மறைந்தன. முன்வரிசை, நடுவரிசை அப்படியே அழகாக நின்றது. கடைசி வரிசையில் பாதிப் பேரைக் காணோம். அத்தையையும் காணோம். கோடியில், பின்னால், பாதி மறைந்து நின்றவர் ஆயிற்றே. பின்னணி என்று நினைத்து, திரையோடு சேர்த்து அவரையும் எடுத்துவிட்டது.

நாத்தனார் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டோவிலயுமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு கையால்தான் செய்தோம். ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, 'லேயர்' என்ற இடத்தில் 'ஆட் ஆல்ஃபா சேனல்' என்பதை அழுத்தினால், நீக்குகிற இடம் கண்ணாடி மாதிரி ஆவதற்குப் படம் தயாராகிவிடும். கண்ணாடியான இடம் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாகத் தெரியும். அடுத்து 'ஆட் லேயர் மாஸ்க்'. அதில் வெள்ளை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மாஸ்க்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற சூட்சுமம். அழிரப்பரால் பின்னணியை அழித்தால் அழித்தது அழித்ததுதான். மாஸ்க் என்பது படத்தின் மேல் போட்ட முக்காடு. கறுப்புப் பிரஷ்ஷால் பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளைப் பிரஷ்ஷால் பூசினால் மறைந்தது திரும்ப வரும். 'எக்ஸ்' எழுத்தைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் மாறிக்கொள்ளும். காதைக் கொஞ்சம் வெட்டிவிட்டோமா? ஒரு தட்டுத் தட்டி, வெள்ளையால் ஒரு பூச்சு, காது வந்துவிட்டது. ஜாக்கெட் துணியில் நேரே கத்தரியை வைக்காமல் பேப்பர் கட்டிங் போட்டுப் பார்க்கிறோமே, அது மாதிரி.

படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கன்னம், தோள் போன்ற இடங்களில் கொஞ்சம் பெரிய பிரஷ், ஓரத்தைச் சற்று மிருதுவாக வைத்துப் பூச வேண்டும். ஓரம் ரொம்பக் கூர்மையாக இருந்தால் அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி ஆகிவிடும். முடிதான் பாடாய்ப் படுத்தும். அத்தைக்குக் காதோரம் சுருண்ட சின்ன முடி நாலைந்து உண்டு. ஒவ்வொரு முடியாகச் சுற்றிப் பூச முடியுமா? பூசினாலும் முடிக்கு இடையே பழைய திரையின் பச்சை ஒட்டிக்கொண்டேயிருந்தது. புதுப் பின்னணியாக வெள்ளை வைத்தால் தலையைச் சுற்றிப் பாசி படிந்த மாதிரி தெரிந்தது. ஸ்டூடியோவில் எல்லாரும் வைக்கிற வானநீலமும் அப்படியே. ஒரு மணி நேரம் போராடிய பிறகு, அந்தத் திரையின் மங்கல் பச்சையையே ஒரு சொட்டு எடுத்துப் பின்னால் முழுக்க நிரப்பிப் பார்த்தேன். முடி அப்படியே இயல்பாக உட்கார்ந்துவிட்டது. பழைய பின்னணி எந்த நிறமோ, புதிதாக வைப்பதும் அதற்குப் பக்கத்து நிறமாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இன்னொரு சிக்கல் வந்தது பாருங்கள். அத்தையின் இடது தோளை ஒரு பையனின் தலை மறைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிய வகிடெடுத்துச் சீவிய தலை. என் வீட்டுக்காரர்தான் அது, பன்னிரண்டு வயதில். மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிறவர் இருக்கக் கூடாது, அது நமக்கெல்லாம் தெரிந்ததே. "என்னை எடுத்துடு" என்றார். எடுத்தால் தோளில் ஓட்டை. மகன், வலது தோளைக் காப்பி எடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டலாம் என்றான். ஆண்பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? தலைப்பு வருவது இடது தோளில். வலது தோளில் வெறும் ஜாக்கெட்தான். திருப்பி ஒட்டினால் அத்தைக்குத் தலைப்பே இல்லாமல் போகும். கடைசியில் பழைய ஸ்டூடியோக்காரர்கள் வழிதான் கைகொடுத்தது. முட்டை வடிவத்தில் எடுத்து, கழுத்துக்குச் சற்றுக் கீழே படம் மெல்ல மெல்ல மங்கி மறைகிற மாதிரி செய்தோம். பையனின் வகிடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒரு நூல் மேலே படம் முடிந்தது.

பொட்டு விஷயமாகவும் பேச்சு வந்தது. மறுநாள் பார்க்க வந்த பெரியத்தை, "கடைசியிலே பொட்டில்லாமத்தானே இருந்தா. மிஷின்ல அதையும் எடுத்துடலாம்ல?" என்று கேட்டார். எடுக்கலாம்தான். பத்து நிமிஷ வேலை. பக்கத்து நெற்றித் தோலை எடுத்து மேலே பூசினால் இருந்த சுவடே தெரியாது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், மெளஸ் என் கையில் இருந்ததால். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னார்: "அது அம்மா அன்னைக்குத் தன் கையால வச்சுக்கிட்டது. இருக்கட்டும்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பின்னணியை எடுப்பது வேறு, ஆளை மாற்றுவது வேறு. மச்சம், பல் சந்து, நெற்றி வேர்வை எதையும் நான் தொடவில்லை. பெரியத்தை அன்று முழுவதும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காரியத்தன்று வந்தார், படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

நான்கு அங்குலப் படத்தைச் சுற்றி அகலமாகப் பாலாடை நிற மவுன்ட் வைத்து, பத்துக்குப் பன்னிரண்டு சட்டத்தில் போட்டோம். சட்டம் கடைக்காரர், மவுன்ட் அகலமாக இருந்தால் சின்னப் படமும் எடுப்பாக இருக்கும் என்று சொன்னது சரிதான்.

வேலை முடிந்ததும் சேமிக்கிற விதத்தைச் சொல்கிறேன். ஜிம்ப்பின் சொந்தக் கோப்பாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் மாஸ்க் அப்படியே இருக்கும், பிறகு திருத்தலாம். பின்னணி இல்லாத படம் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து 'பிஎன்ஜி' வகையில் எடுக்க வேண்டும். 'ஜேபெக்' வகைக்குக் கண்ணாடி இடத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, ஏதாவது ஒரு நிறத்தை நிரப்பிவிடும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் அதே கதிதான். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அனுப்பியபடியே போய்ச் சேரும்.

வெட்டாத அசல் படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அத்தை படம் முடிந்த பிறகு அந்தக் குரூப் போட்டோவை முழுசாக ஸ்கேன் செய்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். 31 பேரில் நான்கு பேரை எங்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தூணில் மாட்டியிருந்த சின்ன போர்டைப் பெரிதாக்கிப் பார்த்ததில் மண்டபத்தின் பெயர் பாதி தெரிந்தது. அதை வைத்துக் கல்யாணப் பெண்ணே, இப்போது பாட்டியாகிவிட்டார், அது சாத்தூர் மண்டபம்தான் என்றும், அந்த நான்கு பேரில் இரண்டு பேர் சமையல் மேஸ்திரியும் அவர் மனைவியும் என்றும், அத்தைதான் அவர்களை வற்புறுத்தி வரிசையில் நிற்க வைத்தார் என்றும் போனில் சொன்னார். நாங்கள் யாருமே கேள்விப்படாத சங்கதி. வேண்டாம் என்று வெட்டிய பகுதியில்தான் அது இருந்தது. பெயர்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிப் போட்டோவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முன்னால் வரும். பென்சிலால் லேசாக எழுதலாம்.

வயசுப் பெண்களை வைத்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஆளைப் பின்னணியிலிருந்து பிரிப்பது எனக்கு எவ்வளவு சுலபமோ, கெட்ட புத்தி உள்ளவனுக்கும் அவ்வளவு சுலபம். பிரித்த முகத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுவான். இலவசமாகச் செய்து தருகிறோம் என்கிற இணையதளங்களில் நாம் படத்தைப் போடும்போது அது நம் போனை விட்டு வேறு எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகிறது. புடவை, பாத்திரம் என்றால் போகட்டும். குழந்தைகளின் படம், குளிக்க வைத்த படம், பெண்களின் படம் இவற்றை அப்படி அனுப்பாதீர்கள். ஜிம்ப் மாதிரி நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிற மென்பொருளில் செய்வது மேல். போனில் புதுசாக ஏதாவது ஆப் போட்டால், எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தேர்ந்தெடுத்த படம் மட்டும் என்று கொடுக்க வழி இருந்தால் அதைக் கொடுங்கள்.

அப்படியும் யாராவது உங்கள் பெண்ணின் முகத்தை வெட்டி அசிங்கமாக எங்கேயாவது ஒட்டி மிரட்டினால், பெண்ணைத் திட்டாதீர்கள். 'நீ ஏன் போட்டோ எடுத்துக்கிட்டே' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவள் அடுத்ததைச் சொல்ல மாட்டாள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். வந்த செய்தியை அழிக்காமல் அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அம்மாவாகப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் தனியாக அந்த ஸ்டேஷன் படி ஏற வேண்டாம்.

கம்பத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு: வீட்டுப் பூனையின் ரோமத்தைச் சுற்றிப் பச்சையாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் காதோர முடிக்குச் சொன்ன வைத்தியம்தான் அதற்கும். பின்னால் இருந்த செடியின் நிறத்தையே வைத்துப் பாருங்கள்.